வட்டம் எங்கே இருக்கிறது?

குழந்தை கோலப்பொடியால் போடும் வட்டம் ஒருபோதும் முழு வட்டமாவதில்லை; ஆனால் அது கோணல் என்பது மட்டும் குழந்தைக்கே தெரிகிறது. அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? வடிவங்களைப் பொருள்களுக்கு அப்பால் வைத்தார் பிளேட்டோ. இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு பொதுமையைப் பொருளிலேயே காண்கிறது. 1837இல் மழலையர் கல்விக்கு வித்திட்ட ஃபிரோபெல், இறையொழுங்கைக் குழந்தை உணரட்டும் என்று பந்தையும் கனசதுரத்தையும் கையில் கொடுத்தார்.

வட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைக்குக் காட்ட அருமையான பாடக்கருவி சிவலிங்கமே. ஆகம முறைப்படி அதன் அடி சதுரம், நடு எண்கோணம், மேற்பகுதி வட்டம். இதே முறையில் ஒரு சதுரக் களிமண் கட்டையின் நான்கு விளிம்புகளைச் சீவினால் எட்டுப் பட்டை. மறுபடி சீவினால் பதினாறு. இப்படியே சீவிக்கொண்டு போகலாம். விரலுக்கு வட்டமாகிவிடும், ஆனால் பட்டைகள் முற்றிலும் தீர்வதில்லை. மிச்சத்தை நிறைவு செய்வது மனம். ஆகவே பிளேட்டோவும் நியாயமும் தனித்தனியே பாதிதான் சரி. கை தொடங்காத வட்டத்தை மனம் முடிப்பதில்லை.