எந்த நாளுக்காக வாங்குகிறோம்?

கார் வாங்கப் போவதாகச் சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "ஊருக்குப் போய்வரத் தாங்குமா?" என்பதுதான். சென்னைவாசிக்கு ஊர் திருநெல்வேலியாக இருந்தால் 600 கிலோமீட்டருக்கு மேல். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போகும் அந்தப் பயணத்தை மனத்தில் வைத்தே டிக்கியின் அளவுவரை முடிவாகிறது. மற்ற நாளெல்லாம் அந்தப் பெரிய கார் ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைச் சந்துகளில் நிறுத்த இடம் தேடுகிறது.

அரிதாக வரும் நாளுக்கு அஞ்சியே நாம் அன்றாடத்தை அமைத்துக்கொள்கிறோம். வராத விருந்தாளிக்கு ஓர் அறை, என்றோ நடக்கும் விசேஷத்துக்கு ஓர் அடுக்குப் பாத்திரம். இதில் அன்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைத் தினமும் கொடுக்கிறோம்.

சிறிய மின்சாரக் கார் இந்தப் பழக்கத்தை நேராகக் கேள்வி கேட்கிறது. 2022-இல் அறிமுகமான டியாகோ மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 24 யூனிட் பிடிக்கும்; ஒரு சார்ஜுக்கு 315 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அது ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓட்டி அளப்பது. ஏசி, சித்திரை வெயில், நாலு பேர் பாரம் என்று சேரச் சேரக் கணக்கு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை நம் சாலையில், நம் ஆட்களோடு ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்குவது போதாது.

அதனால் அந்தக் காரைக் காலையில் எடுத்து மாலையில் தருகிறேன் என்று ஷோரூமில் கேட்டேன். விற்பனையாளத் தம்பி சற்று யோசித்து, "சரி சார், நானும் கூட வர்றேன்" என்றார். அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் இறங்கினோம்.

பல்லாவரம் நெரிசலில்தான் அந்த வண்டியின் இயல்பு புரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்தபடி கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பெட்ரோல் வண்டி நின்று நின்று போகையில் எண்ணெயைக் குடிக்கும். இது நெடுஞ்சாலையில் விரட்டும்போதுதான் அதிகம் தின்னும். நம் அன்றாடத்தின் தொல்லைகளுக்கு ஏற்ற வண்டி. கிளட்ச் இல்லை, உறுமல் இல்லை. அம்மா பின்னாலிருந்து பேசியது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. எனக்கு அதுவே பெரிய வரவு.

கோயில் வாசலில் நிறுத்தியபோது அம்மா சொன்னாள்: "உக்கார நல்லாத்தான்பா இருக்கு. எந்திரிக்கத்தான் முழங்கால் இழுக்குது." முன்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தோம், சீட்டைப் பின்னுக்குத் தள்ளியதும் எழுவது எளிதானது. எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத இந்தத் தகவல் எங்கள் வீட்டுக்கு 315 என்ற எண்ணைவிட முக்கியம்.

ஊருக்கு? நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அங்கே இறங்கி வாடகைக் கார் பிடித்தால் தீர்ந்தது. வருடத்தில் சில நாளுக்கு இந்த ஏற்பாடு போதும் என்று மனம் இசைவதற்குத்தான் நாளாகிறது. 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா மின்சாரக் கார் ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர்தான் போகும். அதையும் வாங்கி ஊருக்குள் ஓட்டியவர்கள் இருந்தார்கள். தங்களுக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன்.

வீட்டில் சார்ஜ் போடுவதுதான் உண்மையான சிக்கல். தனி வீட்டுக்காரர் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு செருகிவிட்டுத் தூங்கலாம். அடுக்குமாடியில் கார் நிற்கும் இடம் கீழே, நம் மீட்டரோ பொதுப் பலகையில். ஓட்டிப் பார்த்த அன்றே வண்டியை எங்கள் இடத்தில் நிறுத்தி, ஒயர் எந்தத் தூணைச் சுற்றி வரவேண்டும் என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தோம். மூன்றாம் மாடி ஐயா இறங்கி வந்து, "கரண்டு யார் கணக்குல போகும்?" என்றார். நியாயமான கேள்வி. இன்னொருவர் மழைத் தண்ணீர் தேங்கும் உயரத்தைச் சுவரில் காட்டினார். பிளக்கை அதற்கு மேலே வைக்கலாம் என்று குறித்துக்கொண்டோம். வாங்குவது நான் என்றாலும், அந்தத் தரைத்தளம் எல்லோருடையது.

என் மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், செலவு முழுதும் என்னுடையது என்று எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் கடைக்கு முன்பணம்.