காயத்துக்கு யார் சாட்சி?

தாம்பரத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் நடந்த சண்டையில் உயிர் துறந்தவர். மறு ஆண்டு குடியரசு நாளில் அவருக்குரிய அசோகச் சக்கர விருதை அவர் மனைவி பெற்றுக்கொண்டார். ‘அமரன்’ படம் வந்த பிறகு எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரிகிறது. தெரிய வேண்டிய பெயர்தான். ஆனால் எந்தப் போரிலும் மாண்டவர்களைவிடக் காயத்தோடு வீடு திரும்பியவர்களே பெரும்பாலும் அதிகம். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? 2019இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் ஆயிரக்கணக்கான பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அத்தனையும் இறந்தவர்களின் பெயர்கள். காயம்பட்டவருக்குச் சுவர் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு காகிதம். சிலருக்கு அதுவும் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில், ஒரு கடலோரக் கிராமத்தில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஊரில் ‘மிலிட்டரிக்காரர்’ என்றால் அவர்தான். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். ரோந்து போன வழியில் கண்ணிவெடி வெடித்துத் தொடையில் இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. பெரிய துண்டுகளை எடுத்துவிட்டார்கள். எலும்பை ஒட்டிய ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. சில வாரங்களில் பட்டாலியனுக்கே திரும்பி, மீதி சர்வீஸை முடித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இப்போது அந்தக் கால் மடங்க மறுக்கிறது. எக்ஸ்ரேயில் துண்டு பளிச்சென்று தெரிகிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயம் பற்றி ஒரு வரி இல்லை. எக்ஸ்ரே இரும்பைக் காட்டும். அந்த இரும்பு எந்த நாட்டில், எந்தச் சாலையில், யார் வைத்த வெடியிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது.

ராணுவத்தில் காயம் இரண்டு தடவை நேர வேண்டும். முதலில் உடம்பில், அடுத்து எழுத்தில். அடிபட்டதும் கேஷுவல்டி ரிப்போர்ட் போக வேண்டும். யூனிட் அதை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்து அவருடைய பெயருக்கு எதிரே ஏற வேண்டும். அங்கேயும் ஒரு பிரிவு இருக்கிறது. எதிரியால் வந்தது ‘பேட்டில் கேஷுவல்டி’, மற்றது ‘பிசிகல் கேஷுவல்டி’. காயத்தால் வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவருக்கு முழு உடல் இழப்பு என்றால், சாதாரணக் கணக்கில் அதற்கான தொகை சம்பளத்தில் 30 சதவீதம். அதே இழப்பு போர்க்காயம் என்று எழுதப்பட்டிருந்தால் 100 சதவீதம். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கென்றே 1973இல் ஏற்படுத்திய ‘பராக்கிரமப் பதக்கம்’ ஒன்றும் உண்டு. வெள்ளை நாடா, நடுவில் சிவப்புக் கோடு. எழுத்தில் ஏறாத காயத்துக்கு அந்த நாடா கிடைக்காது.

எழுத்தர் கூடாரமே இடம் மாறிக்கொண்டிருக்கும் களத்தில், காயம்பட்டவர் ஹெலிகாப்டரில் போய்விட்ட பிறகு, அவருக்காக அந்தத் தாளை நிரப்ப யார் இருப்பார்கள்? நிரம்பாமல் போவது வியப்பில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதை நிரப்ப வழி இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிலிட்டரிக்காரர் எழுதிக் கேட்டார். காயத்துக்கான ஆதாரத்தை இணைத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. ஆதாரம் எதுவோ அதைத்தான் அவர் கேட்டிருந்தார்.

“பணத்துக்காவா கேக்கறேன் தம்பி?” என்றார் என்னிடம். “பென்ஷன் வருது, சாப்பிடறேன். தாத்தா, நீ நெசமாவே சண்டைக்குப் போனியான்னு பேரன் கேக்கறான். எனக்கு எழுத்துல வேணும்.”

நாட்டுக்காகச் செய்ததற்குக் கைம்மாறு கேட்கலாமா என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையான வீரன் வாய் திறக்க மாட்டான் என்பார்கள். இதைச் சொல்கிறவர்களில் காயம்பட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மிலிட்டரிக்காரர் கேட்பது கைம்மாறு இல்லை. நடந்தது நடந்தது என்று ஒரு வரி. வலியோடு வாழ்வது ஒரு பாடு. அந்த வலி வந்த வழியை யாரும் நம்பவில்லை என்றால் அது இன்னொரு பாடு. பஸ்ஸில் ஏறத் தடுமாறும்போது ‘பெரியவருக்கு மூட்டுவலி’ என்று பக்கத்தில் இருப்பவர் இரங்கி இடம் தருகிறார். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளை அவர் ஒவ்வொரு பயணத்திலும் இப்படித்தான் விட்டுக்கொடுக்கிறார்.

நம்முடைய பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் வேறு மாதிரி இருந்தது. மார்பில் பட்ட புண்ணே அன்று சாட்சி. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், ஆயுதம் முதுகு வரை ஊடுருவியதால் புறப்புண் பட்டவன் என்ற பேர் வருமே என்று நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். உடம்பே ஆவணமாக இருந்த காலம் அது. காயம்பட்டவன் வீட்டு இறவாரத்தில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, இரவெல்லாம் காஞ்சிப் பண் பாடிக் காத்த பெண்களைப் புறநானூற்றில் பார்க்கிறோம். ஊர் முழுக்க அந்த வீட்டை அடையாளம் தெரிந்துகொள்ளும்.

எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பது நெடுநல்வாடையின் கடைசிப் பகுதி. பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் இருக்கிறான். நள்ளிரவு, வாடைக்காற்று, மழைத் துளி. விளக்குகள் காற்றில் சாய்ந்து எரிகின்றன. தூங்காத அரசன் சில வீரர்களோடு கூடாரம் கூடாரமாகப் போய்ப் புண்பட்டவர்களைப் பார்க்கிறான். முன்னே செல்லும் படைத்தலைவன், வேப்பமாலை சூடிய வேலால் ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு போகிறான். நக்கீரர் இதைப் பாடிய காலத்தில் விருது விண்ணப்பம் இருந்திருக்காது. எனக்கு அதில் பிடித்தது, நடந்து போனவன் அரசன் என்பது. காயம்பட்டவன் எங்கும் போகவில்லை, எதையும் நிரூபிக்கவில்லை. இன்றைய ஏற்பாட்டில் மடங்காத காலோடு அலுவலகப் படி ஏற வேண்டியவர் அவர்தான்.

இடையில் வந்த காலத்தில் பெரிய பதவிக்காரர்களின் காயம் மட்டும் எழுத்தில் ஏறியது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். துணைக்குப் போகத் தவறிய ஜெனரல் மன்ரோ எங்கள் செங்கல்பட்டுக்குத்தான் பின்வாங்கி வந்தார். பொள்ளிலூரில் காயம்பட்டுச் சிறைப்பட்ட டேவிட் பெயர்டின் துன்பத்தை ஆங்கில நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. பின்னாளில், 1799இல், ஸ்ரீரங்கப்பட்டினக் கோட்டையைத் தாக்கிப் புகுந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெய்லியின் படையில் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களில் யாருக்கு எங்கே அடிபட்டது என்பதை நாம் அறிய வழியில்லை. ரயில் பாதை கிழித்துக்கொண்டு போகும் செங்கல்பட்டுக் கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாதவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

மிலிட்டரிக்காரரின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர் காயம்பட்டது தமிழர்கள் கொண்டாடாத போரில். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடத் தொடங்கியது. அம்மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அமைதிப்படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இதை மறந்துவிட்டு என்னால் எதையும் எழுத முடியாது. 1990 மார்ச்சில் கடைசி அணி கப்பலில் சென்னை வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று தமிழ்நாட்டில் பலருடைய மனநிலையும் அதுதான். படையினரில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். காயம்பட்டவர்கள் 3,000க்கும் மேல். இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். காயம்பட்டவர்களுக்கு அங்கேயும் இடமில்லை.

அந்தப் போர் தவறு என்பது என் கருத்து. அதில் காயம்பட்டவரின் காயம் உண்மை என்பதும் என் கருத்து. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாமல்தான் நாம் அவரைப் பார்க்காதவர் போல இருந்துவிட்டோம். போருக்கு அனுப்பியவர்கள் வேறு, போனவர் வேறு. ஒருவரின் காயத்தைக் கணக்கில் எழுதுவது அந்தப் போருக்கு நற்சான்று தருவதாகாது. எழுதாமல் விட்டால்தான் அனுப்பியவர்களின் கணக்கில் செலவு குறைந்து தெரிகிறது.

மறுபக்கத்துக் காயமும் எங்கள் ஊரிலேயே இருந்தது. செங்கல்பட்டுச் சிறப்பு முகாமில் பல ஆண்டுகள் ஈழத் தமிழர்களை அடைத்து வைத்திருந்தார்கள். உடம்பில் குண்டுத் துண்டுகளோடு கடல் தாண்டி வந்தவர்களும் உண்டு. அவர்களிடமும் எந்தக் காகிதமும் இல்லை. வன்னியில் பாதம் பறித்த மிதிவெடிகள் சிப்பாயையும் பார்க்கவில்லை, விறகு பொறுக்கப் போன பெண்ணையும் பார்க்கவில்லை. இந்தியாவில் கால் இழந்தவர்கள் பூட்டிக்கொண்ட ஜெய்ப்பூர் கால்தான், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மையம் தொடங்கிய பிறகு அங்குள்ளவர்களையும் நடக்க வைத்தது. மிலிட்டரிக்காரரின் காயத்தை ஏற்கச் சொல்கிற நான், இவர்களுடைய காயத்தையும் ஏற்கச் சொல்கிறேன். ஒன்றை எழுதி மற்றதை மறைக்கும் கணக்கு எனக்கு வேண்டாம்.

காயம்பட்டவர்களில் நாம் தலைநிமிர்ந்து பார்ப்பவர்கள் யார் என்று யோசித்தால் ஒன்று புரியும். முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 1982இல் அர்ஜுனா விருது கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் அவர் வாழ்க்கை ‘சந்து சாம்பியன்’ என்ற படமானது. 2025 ஜனவரியில்தான், எண்பது வயதில், அர்ஜுனா வாழ்நாள் விருது கைக்கு வந்தது. பெரிய மனிதர். ஆனால் காயத்தை வென்று காட்டியவரையே இவ்வளவு காலம் காக்க வைத்தோம். வென்று காட்ட முடியாதவர் என்ன செய்வார்? தங்கம் வெல்லாத கால், வெறும் காலாக வலித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் மரியாதை உண்டு என்று நாம் பழகவில்லை.

வெளியே தெரியாத காயத்துக்கு எங்கும் இதே கதிதான். 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது, தங்கள் வீரர்கள் யாருக்கும் அடி இல்லை என்று அமெரிக்கா முதலில் சொன்னது. வெடி அதிர்ச்சியால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல் என்று பிறகு தெரிந்தது. 29 பேருக்குப் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் கொடுத்தார்கள். விடுபட்டவர்களின் கோப்புகளைத் திரும்பப் பார்த்து, 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு ஒப்புதல் தந்தார்கள். தாமதம்தான். ஆனால் திரும்பப் பார்த்தார்கள்.

நமக்கும் வழி இல்லாமலில்லை. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல நெறியைச் சொன்னது. படையில் சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த குறைக்குப் பணி காரணமில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. உடல் இழப்புக்கான பென்ஷனுக்குச் சொன்ன இந்த நெறியைப் பழைய போர்க்காயங்களுக்கும் நீட்ட வேண்டும். அவர் அந்தத் தேதியில் அந்தக் களத்தில் இருந்தார் என்பதற்கு யூனிட் பதிவு இருக்கிறது. உடம்பில் இரும்பு இருக்கிறது. கூட இருந்த இரண்டு பேர் சத்தியம் செய்து எழுதித் தருகிறார்கள். இதற்கு மேலும் ஒரு தாளைக் கேட்பது அநியாயம்.

1987இல் இருபது வயதில் யாழ்ப்பாணம் போனவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. பக்கத்தில் நின்று அந்த வெடியைப் பார்த்தவருக்கும் அதே வயது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், எங்கே, எப்போது அடிபட்டது என்று உட்கார்ந்து கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் நகல் எடுத்து வையுங்கள். கூட இருந்தவர்களின் முகவரியைக் கண்டுபிடித்து, அவர்களுடைய சாட்சியத்தை நோட்டரி முன்னால் எழுதி வாங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரைத் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். அங்கே முடியாவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்து முடியுங்கள்.