பழைய ஆடையும் புதிய நாகரிகமும்

செப்டம்பர்த் திங்கள் பிறந்து இலண்டன் மாநகரின் சாலையோர மரங்கள் பழுப்பேறத் தொடங்கும்போது, அந்நகரின் போர்ட்டொபெல்லோ சாலையிலும் பிரிக் லேனிலும் உள்ள பழைய ஆடைக் கடைகள் தம் முகத்தை மாற்றிக்கொள்கின்றன. கோடையில் வாயிலை அலங்கரித்த பூப்போட்ட பருத்திச் சட்டைகள் உள்ளே போய்விடுகின்றன. அவை இருந்த இடத்தில் கனத்த கம்பளி மேலங்கிகளும், ஆட்டுத்தோலாலான விமானிகளின் சட்டைகளும், கையால் பின்னிய ஸ்வெட்டர்களும் வரிசையாகத் தொங்குகின்றன. இவற்றுள் ஒன்றேனும் புதியதன்று. ஒவ்வொன்றையும் முன்னரே ஒருவர் உடுத்தியிருக்கிறார். அவர்களுள் பலர் இன்று உயிரோடு இல்லை. ஆயினும் கடைக்காரர் இவற்றை இவ்வாண்டின் இலையுதிர்கால, குளிர்காலப் பாணி என்றே அறிமுகப்படுத்துகிறார். வாங்க வருவோரும் அவ்வாறே ஏற்றுக்கொள்கின்றனர்.

பழையது எவ்வாறு இவ்வாண்டின் பாணியாகும்? இத்தகைய ஆடைகளுக்கு மேலைநாட்டார் 'விண்டேஜ்' என்று பெயரிட்டுள்ளனர். திராட்சை அறுவடையையும், அவ்வாண்டில் வடித்த மதுவையும் குறித்து வந்த சொல் அது. நல்ல ஆண்டின் மது நாள்பட நாள்பட மதிப்பேறுவதுபோல நல்ல ஆடையும் மதிப்பேறும் என்பது அப்பெயரின் உட்கிடை. ஆனால் வணிகம் நடக்கும் முறை வேறு. பாரிஸ், மிலான், இலண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் பெரிய ஆடையகங்கள் குளிர்கால ஆடைகளைப் பிப்ரவரி, மார்ச் திங்களிலேயே மேடையில் காட்டிவிடுகின்றன. பழைய ஆடைக் கடைக்காரர் எதையும் புதிதாகத் தைக்கச் சொல்ல இயலாது. அவர் அம்மேடையைப் பார்க்கிறார். பிறகு தம் கிடங்கைத் துழாவுகிறார். மேடையில் அகன்ற தோள் தோன்றினால் 1940களின் கோட்டும் 1980களின் கோட்டும் முன்வரிசைக்கு வருகின்றன. குறுகிய இடை தோன்றினால் 1950களின் முறை வருகிறது. கடந்த காலம் தானாக வருவதில்லை. நிகழ்காலம் தனக்கு வேண்டிய அளவுக்கு அதை அழைத்துக்கொள்கிறது. அறம் பற்றிய ஒரு வினா இவ்விடத்தில்தான் பிறக்கின்றது. ஒருவருடைய துன்பத்தில் பிறந்த ஆடையை மற்றொருவர் அழகுக்காக உடுத்தலாமா?

வினா மிகையானதாகத் தோன்றலாம். கடையில் தொங்கும் ஆடைகளை ஒவ்வொன்றாக நோக்கினால் அவ்வாறு தோன்றாது. 'டிரெஞ்ச் கோட்' எனப்படும் மழையங்கியின் பெயரே பதுங்கு குழியைக் குறிப்பது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சேற்றிலும் மழையிலும் அணிந்தது அது. அதன் தோள்பட்டை அழகுக்காக வைத்ததன்று. பதவிச் சின்னம் குத்துவதற்காக வைத்தது. 'டஃபிள் கோட்' பிரிட்டிஷ் கடற்படையினர் உறைபனிக் காற்றில் அணிந்தது. அதற்கு வட்டப் பொத்தான் இல்லாமல் நீண்ட மரக்கட்டைகள் இருப்பதற்குக் காரணம், தடித்த கையுறையைக் கழற்றாமலே அவற்றை மாட்டவும் விடுவிக்கவும் முடியும் என்பதே. இன்று அதைத் தடவிப் பார்த்து மகிழும் இளைஞர் அக்கையுறையை நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லியதும் இல்லை.

இன்னும் உள்ளே சென்றால் சில கோட்டுகளின் உட்புறத்தில் 'சிசி41' என்னும் முத்திரை தெரியும். துண்டு வெட்டிய இரண்டு பாலாடைக் கட்டிகளைப் போன்ற சின்னம் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 ஜூன் முதல் நாள், பிரிட்டனில் ஆடைப் பங்கீடு தொடங்கியது. முதலாண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். பெண்ணின் கம்பளி உடை ஒன்றுக்கு மட்டும் 11 கூப்பன்கள் போய்விடும். துணியைச் சேமிக்க அரசே ஆடையின் அளவையும் வகுத்தது. சட்டைப்பைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. ஆடவரின் காற்சட்டை அடியில் மடிப்பு வைப்பதும் தடைசெய்யப்பட்டது. போர்வையை வெட்டி மேலங்கி தைத்தவர்களும் உண்டு. 1949 வரை இந்தப் பங்கீடு நீடித்தது. அன்று வேறு வழியின்றி அணிந்த அம்முத்திரை ஆடையை இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர். முத்திரை கெடாமலிருந்தால் விலையும் கூடுகிறது. கட்டாயம் கழிந்தது, அதன் அடையாளம் அணிகலனாயிற்று.

இவ்வினாவை உலகம் ஒருமுறை வெளிப்படையாகவே எதிர்கொண்டது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் பாரிஸ் நகரில் ஈவ் சாங் லோரான் என்னும் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் தம் புதிய தொகுப்பை அரங்கேற்றினார். ஓவியர் பிக்காசோவின் மகள் பலோமா, பழைய பொருள் சந்தையில் வாங்கிய 1940களின் ஆடைகளை அணிந்து வந்ததைக் கண்டு கிளர்ந்த எண்ணம் அது. தலைப்பாகை, அகன்ற தோள், குட்டைப் பாவாடை, தடித்த அடியுடைய காலணி, பச்சை நிற உரோம மேலங்கி என மேடையில் நங்கையர் நடந்து வந்தனர். பார்வையாளருள் நடுவயது கடந்தோர் அதிர்ந்தனர். மறுநாள் முதல் நாளிதழ்கள் வெகுண்டெழுந்து எழுதின.

காரணத்தை அறிய 1940க்கும் 1944க்கும் இடைப்பட்ட பாரிஸை அறிய வேண்டும். ஜெர்மானியப் படை அந்நகரை ஆண்ட காலம் அது. தோல் கிடைக்காததால் காலணிக்கு மரத்தாலும் தக்கையாலும் அடி வைத்தனர். அதனால் அது தடித்தது. துணி இல்லாததால் பாவாடை குட்டையாயிற்று. கூந்தலைப் பேண வசதியில்லாததால் துணித்துண்டு தலைப்பாகையாயிற்று. 1944இல் விடுதலை கிடைத்தபின், ஜெர்மானியரோடு உறவாடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களின் தலையைப் பொதுமக்கள் தெருவில் வைத்து மழித்தனர். மழித்த தலையை மறைத்ததும் அதே தலைப்பாகைதான். பட்டினி கிடந்த நகரில் உரோம மேலங்கி அணிந்து திரிந்தவர்கள் யாரென்பதும் அரங்கில் இருந்தோருக்கு மறந்திருக்கவில்லை. ஆகவே இளையோர் 'அழகிய பாணி' என்று கண்ட ஒவ்வொன்றிலும் முதியோர் ஒரு காயத்தைக் கண்டனர். வடிவமைப்பாளரோ 1936இல் அல்ஜீரியாவின் ஒரான் நகரில் பிறந்தவர். பாரிஸ் அடிமைப்பட்டிருந்த நாளில் கடலுக்கு அப்பால் வாழ்ந்த சிறுவர். அவர் கண்டது அந்த ஆடையை. அந்தப் பசியை அன்று.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆடை வெறும் துணி. அதனை உடுத்தியவரின் துயரம் நூலில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பது இளையோர் கட்சி. நினைவைக் கேலிக்கூத்தாக்குவது மாண்டவர்க்கும் வாழ்வோர்க்கும் செய்யும் அவமதிப்பு என்பது முதியோர் கட்சி. பின்னர் நடந்தது என்ன? சில ஆண்டுகளுக்குள் பழைய பாணியை மீட்டணிவது உலகெங்கும் பரவிவிட்டது. 2015இல் அதே தொகுப்பைப் பாரிஸில் கண்காட்சியாகவே வைத்தனர். மக்கள் சென்று பார்த்தனர். அப்படியானால் காலம் தாழ்ந்தால் குற்றம் தீர்ந்துவிடுமா? இது எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடிய விடையன்று. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் 2012இல் காலமானார். அதன்பின் டிரெஞ்ச் கோட்டைக் கண்டு மனம் வருந்த நேரில் அறிந்தவர் எவரும் இல்லை. சாட்சிகள் மறைந்ததால் மட்டுமே ஒரு செயல் தூயதாகும் என்றால், அறம் என்பது கல்லறைகளை எண்ணும் கணக்காகிவிடும்.

வேறொரு கோணமும் உண்டு. போர்க்கால பிரிட்டனின் சிக்கன ஆடைகளுக்கு 1942இல் மாதிரி வரைந்து தந்தவர்களுள் நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற முதல்தர வடிவமைப்பாளர்கள் இருந்தனர். செல்வர்க்குத் தைத்த கை, கூப்பன் வைத்திருந்த எவரும் அணியத்தக்க கோட்டையும் வரைந்தது. குறைந்த துணியில் நிறைந்த தோற்றம் தரவேண்டும் என்று அவர்கள் முயன்றனர். போர்வையை வெட்டித் தைத்த பெண்ணும் கழுத்துப்பட்டி சரியாக அமையவேண்டும் என்று பிரித்துப் பிரித்துத் தைத்திருப்பாள். அந்த அழகு அவள் வறுமையின் பகுதியன்று. வறுமைக்கு அவள் சொன்ன மறுமொழி. அதனை இன்று ஒருவர் அழகு என்று கண்டு வாங்கினால், அவள் விரும்பியதைத்தான் கண்டிருக்கிறார். ஆடையின் பொருளை உடுத்துவோர் திருப்பிவிடுவதும் உண்டு. போருக்கென்று செய்த டஃபிள் கோட்டுகள் போருக்குப்பின் மலிவாக விற்கப்பட்டன. 1958இல் அணுகுண்டை எதிர்த்து இலண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தவர்களின் கோலமாகவே அக்கோட்டு பெயர்பெற்றது. போர்க்கோலம் போரெதிர்ப்புக் கோலமாயிற்று. இதனைக் குற்றம் என எவர் சொல்வார்?

தமிழ் மரபும் இதில் இருமனம் உடையதே. தீபாவளிக்குப் புத்தாடைதான் மங்கலம். அதன் ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் உடுத்துவர். பிறர் உடுத்த துணி என்றால் முகம் சுளிப்போர் பலர். ஆனால் பிறந்த குழந்தையின் உடலில் முதலில் சுற்றுவது பழந்துணி. நெடுநாள் வாழ்ந்த முதியவரின் வேட்டியோ சேலையோ கிடைத்தால் அது பேறு என்பர். இறைவன் அணிந்து கழித்ததை அணிவதே தொண்டர்க்குப் பெருமை என்று பெரியாழ்வார் பாடியிருக்கிறார். ஆக, பழந்துணி இழிவாவதும் பேறாவதும் துணியைப் பொறுத்ததன்று. முன்பு உடுத்தியவரை இப்போது உடுத்துபவர் யாராகக் கருதுகிறார் என்பதைப் பொறுத்தது. பலோமா பிக்காசோவுக்கும் அரங்கில் வெகுண்டவர்களுக்கும் இடையில் நின்றது இந்த ஒன்றுதான்.

குளிர்காலமே இல்லாத மலேசியாவிலும் இக்கோட்டுகள் வந்து சேர்கின்றன. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய ஆடைகளைப் 'பண்டல்' கடைகளில் குவித்து விற்கிறார்கள். மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டே கம்பளி மேலங்கியை அணிந்து பார்க்கும் இளைஞர்களை அங்குக் காணலாம். வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்வோர் சிலர். வெறும் அழகுக்கு வாங்குவோர் சிலர். அவர்களிடம் பாரிஸின் தலைப்பாகையைப் பற்றிச் சொன்னால் அது எங்கோ நடந்த கதை. ஆனால் அவர்களுடைய பாட்டன்மார் அறிந்த வேறொரு துணி உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததிலிருந்து 1945 வரை மலாயாவில் துணி வரத்து நின்றுபோயிற்று. தோட்டப்புறங்களில் இருந்த சேலையும் வேட்டியும் கிழிந்து தீர்ந்தபின், அரிசி வந்த கோணிச்சாக்கை வெட்டி இடுப்பில் கட்டினர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுள் பலர் காட்டுமழையில் உடுத்தியிருந்ததும் கோணித் துண்டுதான். சணல் நாரின் அரிப்பும் அதில் குடியேறிய பேனும் அக்காலத்தார் வாயில் மாறாமல் வந்த செய்திகள். இன்று ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் கோணிச்சாக்கில் உடை தைத்துக் கோலாலம்பூர் மேடையில் காட்டினால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொண்ணூறு வயது முதியவர் என்ன செய்வார்? பாரிஸ்காரர்கள் ஏன் அவ்வளவு வெகுண்டனர் என்பது அப்போது விளங்கும். பார்ப்பவர்க்கு அது எளிமையின் அழகு. அவருக்கோ உடலில் இன்னும் ஊறும் நமைச்சல்.

ஆயினும் அத்தகைய மேடை எழும்போது பழைய கோணி எதுவும் அங்கு வராது. ஏனெனில் அது எங்கும் எஞ்சவில்லை. இலண்டன் கடையில் தொங்கும் கோட்டு எஞ்சியதற்குக் காரணம், அதற்குரியவரிடம் மாற்றுக் கோட்டு ஒன்றேனும் இருந்ததுதான். அல்லது அதை வைத்துவிட்டுப் போக ஓர் அலமாரியாவது இருந்ததுதான். மாற்றுத் துணியற்றவர் தம் துணியை இற்றுப்போகும்வரை உடுத்தினர். இற்றபின் அது கரித்துணியாயிற்று, திரியாயிற்று, மண்ணாயிற்று. பழைய ஆடைக் கடை காட்டும் கடந்த காலம் ஓரளவேனும் உள்ளவர்களின் கடந்த காலம். துன்பத்தை அழகாக்குகிறார்கள் என்று அக்கடைமீது குறை கூறுவோரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. பெருந்துன்பம் அக்கடைக்கு வந்து சேர்வதே இல்லை. ஆடையை உடுத்தலாமா கூடாதா என்ற வழக்கைவிட, எந்தக் கடையிலும் தொங்காத துணியை யார் நினைவில் வைப்பது என்ற கேள்வி கடினமானது.

இலண்டன் கடைகளின் கோட்டுகள் சிலவற்றில், கழுத்தின் உட்புறத்தில் உடையவர் பெயர் நெய்த சிறு பட்டை தைக்கப்பட்டிருக்கும். விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைகளின் ஆடையில் தாய்மார் தைத்துவிட்டது. விற்குமுன் அதைப் பிரித்து எடுத்துவிடும் கடைக்காரர்களும் உண்டு. அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு. விட்டுவைத்த கோட்டை வாங்கியவர் முதல்நாள் குளிரில் அதை அணிந்து தெருவில் நடக்கும்போது, முகமறியாத ஒருவரின் பெயர் அவர் பிடரியில் உறுத்திக்கொண்டே இருக்கும்.