கர்ப்பிணியின் இரத்தப் பரிசோதனையும் கணவனின் கடமையும்

 

இம்மாதம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்று. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவில் நாமும் பேசுவோம்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் நம் பெண்கள் பிள்ளை உண்டானதும் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கோ போகிறார்கள். அங்கே இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை, இரத்தசோகை இவற்றுடன், முன்னோர் மேகநோய் என்று சொன்ன சிபிலிஸ் உண்டா, எச்.ஐ.வி. உண்டா என்றும் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் இராது. எங்கோ ஒருத்திக்கு 'இருக்கிறது' என்று தாள் வந்துவிடுகிறது. அன்றோடு அந்த வீட்டில் நிம்மதி போய்விடுகிறது. "இதை எங்கிருந்து கொண்டு வந்தாய்?" என்று மாமியார் கேட்கிறார். கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்களைப் போன்றவர்களிடம் வந்து, "ஹஜ்ரத், இவளை வைத்துக் கொள்ளலாமா? தலாக் சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவா? வயிற்றிலுள்ள பிள்ளையைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்பதல்லவா முதல் கேள்வி?

அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். உடலில் இன்ன கிருமி இருக்கக்கூடும் என்று மட்டுமே அது சொல்கிறது. யார் கொண்டு வந்தார், எப்போது வந்தது என்று சொல்வதில்லை. சிபிலிஸ் எந்த அடையாளமும் காட்டாமல் ஆண்டுக் கணக்கில் உடலில் மறைந்திருக்கும். எச்.ஐ.வி.யும் அப்படியே. கணவனுக்கு நிகாஹுக்கு முன்பே இருந்த நோய், அவனே அறியாமல் மனைவியைச் சேர்ந்திருக்கலாம். போதாக்குறைக்கு, வி.டி.ஆர்.எல். என்னும் சோதனை கர்ப்ப காலத்தில் சிலருக்கு நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டிவிடுவதும் உண்டு. அதனால்தான் வேறொரு சோதனை செய்து உறுதிப்படுத்துகிறார்கள். எச்.ஐ.வி.க்கு மூன்று சோதனைகள் செய்த பிறகே முடிவு சொல்கிறார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தில் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். டாக்டர்கள் விசாரிக்கிறார்கள். நாம் விசாரிக்கிறோமா?

ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சொல்ல ஷரீஅத் கேட்பது நான்கு சாட்சிகள். கொண்டுவர முடியாதவனுக்கு எண்பது கசையடி என்றும், அவன் சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அந்நூர் அத்தியாயம் விதிக்கிறது. கணவனே சொன்னாலும் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாம் முறை தான் பொய்யன் என்றால் அல்லாஹ்வின் சாபம் தன் மீது இறங்கட்டும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு கடுமையான வாசலை, ஆஸ்பத்திரித் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தாண்டிவிடப் பார்க்கிறோம்! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதே அவதூறு பரவியபோது, அதைக் கேட்ட முஃமின்கள் ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை என்றல்லவா அல்லாஹ் கண்டித்தான்?

நம் ஊரின் அனுபவமும் இதற்குச் சாட்சி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இதே சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். 1993-ல் அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-ல் வெளியாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். நூற்றுக்கு 88 பேர் ஒரே ஆணைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். வீட்டில் இருந்தவளுக்கு நோய் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது!

இனி, பிள்ளையின் விஷயம். தாயின் சிபிலிஸுக்கு மருந்து செய்யாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பிறந்தாலும் எலும்பு, கண், காது கெட்டுப் போகலாம். மருந்தோ வெகு சுலபம். பென்சிலின் ஊசி. நோயின் நிலையைப் பொறுத்து ஒன்று, அல்லது வாரத்துக்கு ஒன்றாக மூன்று. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளைக்கு முன்பாவது தாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு மருந்தே இல்லாவிட்டால், பாலூட்டும் காலம் வரை சேர்த்து, நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை அது தொற்றும். தாய் முறையாக மாத்திரை உண்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அரசு ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை மையத்தில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். மாத்திரையும் அரசு இலவசமாகவே தருகிறது.

இப்படியிருக்க, சண்டையில் கழியும் ஒவ்வொரு வாரமும் யாருடைய வாரம்? தாய் வீட்டுக்கு விரட்டப்பட்டு, வெட்கத்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடும் பெண்ணின் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால், மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? காமித் குலத்துப் பெண்ணொருத்தி தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும், அவள் கர்ப்பிணி என்றறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், பிரசவமாகும் வரை போ என்று திருப்பி அனுப்பினார்கள். பிறந்த பின்னும் பிள்ளை பால் மறக்கும் வரை அவகாசம் தந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவளின் பிள்ளைக்கே இத்தனை உரிமை என்றால், குற்றமே காணப்படாதவளின் பிள்ளைக்கு எவ்வளவு உரிமை!

கணவன்மார்களே! உங்களுக்குச் சொல்கிறேன். மனைவியின் தாள் வந்த அன்றே நீங்களும் இரத்தம் கொடுங்கள். நோய் இருந்தால் இருவரும் சேர்ந்து மருந்து செய்யுங்கள். ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் நோய் திரும்ப வரும். டாக்டர் சொல்லும் வரை தாம்பத்தியத்தைத் தவிர்த்திருங்கள். தவறு செய்தவராக இருந்தால் அல்லாஹ்விடம் தவ்பா செய்யுங்கள். அதை ஊரறியச் சொல்லும்படி மார்க்கம் கேட்கவில்லை. ஆனால் டாக்டரிடம் மறைப்பதும், நோயோடு மனைவியை நெருங்குவதும் பாவத்தை மறைப்பதாகாது, பிறருக்குத் தீங்கிழைப்பதாகும். தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது நபிவழி. தலாக்கே ஆனாலும், கர்ப்பிணிக்குப் பிரசவமாகும் வரை செலவு செய்வது கணவன் மீது கடமை என்று அத்தலாக் அத்தியாயம் சொல்வதை மறந்துவிடாதீர்கள்.

மாமியார்களே, தாய்மார்களே! ஒரே தட்டில் உண்பதாலோ, துணி துவைப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. மருமகளுக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அவளோடு போய் வாருங்கள். ஜமாஅத் பெரியவர்களே! இப்படியொரு விஷயம் உங்களிடம் வந்தால் அது அமானிதம். பள்ளிவாசல் திண்ணையில் பேசப்படுவதற்கல்ல. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்று 2017-ல் இயற்றப்பட்டு 2018 முதல் அமலில் இருக்கும் சட்டமும் சொல்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி அதற்கு வெகு காலம் முந்தியது.

தாள் வந்து கலங்கி நிற்கும் சகோதரியே! நாங்கள் மருந்து செய்து கொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்கு, செய்யுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். ஆகவே மருந்தை விடாதீர்கள். அடுத்த தேதியைத் தவற விடாதீர்கள். கூட வர ஆளில்லையென்றாலும் போங்கள். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

யா அல்லாஹ்! நோயுற்ற தாய்மார்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் வயிற்றிலுள்ள பிள்ளைகளைக் காப்பாயாக! எங்கள் நாவுகளை அவதூறிலிருந்தும், எங்கள் உள்ளங்களைத் தீய எண்ணத்திலிருந்தும் பாதுகாப்பாயாக! ஆமீன்.