சும்மா இருக்கச் சொன்ன நாள்

முக்குளித்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது. கடலடியில் அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மேலே வந்த பிறகு அது மெல்லத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ ஏறத்தாழ ஊட்டியில் இருப்பதைப் போன்றது. அவசரப்பட்டு ஏறினால் கரைந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழ்களாகக் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். பலமுறை முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. பயிற்சியாளர்கள் பலர் ஒரு முழு நாள் என்றே சொல்வார்கள்.

அந்தமானில் எங்கள் கடைசி நாளைக் காலியாக்கியது இந்த விதிதான். ஹேவ்லாக்கில் கடலுக்குள் இறங்கிவிட்டு நீல் தீவுக்கு வந்து சேர்ந்திருந்தோம். 2018 முதல் இவற்றின் அரசுப் பெயர்கள் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப். 1943இல் நேதாஜி அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குச் சூட்டிய பெயர்களை ஒட்டி வைத்தவை. படகுக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்களே இருக்கின்றன. “நாளைக்கு பாரம் தூக்காதீங்க, ஓடாதீங்க, சும்மா இருங்க” என்று சொல்லித்தான் பயிற்சியாளர் அனுப்பிவைத்தார். வருஷம் முழுக்க ஆசைப்பட்டது அதற்குத்தானே என்று எனக்கும் தோன்றியது.

சும்மா இருக்க அந்தத் தீவு விடவில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவது. நீல் தீவு 93ஐ ஒட்டிக் கிடக்கிறது. அதனால் அங்கே சூரியன் கடிகாரத்தை நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஐந்து மணிக்கே ஜன்னல் வெளுத்துவிட்டது. பௌர்ணமி கழிந்திருந்த சமயம், கடல் நன்றாக உள்வாங்கும் நாட்கள். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி, ஊரே தீதி என்று கூப்பிடும் வங்காளத்து அக்கா, கதவைத் தட்டினார். லக்ஷ்மண்பூர் கரையில் தண்ணீர் வற்றியிருக்கிறது, பாறை வளைவுக்கு இப்போதே போனால்தான் உண்டு, நாளைக்கு இது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றார். நிலவு நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்துவதால் ஓதமும் அப்படியே பிந்துகிறது. தீதிக்கு அது பாடமாகத் தெரியாது. கரையில் வாழ்ந்தே தெரிந்துகொண்டவர்.

போனோம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டைகள் அசையாமல் கிடந்தன, சின்ன மீன்கள் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தன. பவளத்தை மிதிக்காமல் கால் வைக்கப் பார்த்துப் பார்த்து நடந்ததில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தால் முற்றம் நிறையக் காய்கறி. 1960களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய ஊர் இது. போர்ட் பிளேருக்குக் காய்கறி அனுப்பும் தீவு என்ற பெயர் இதற்கு உண்டு. காலைக் கப்பல் கிளம்புவதற்குள் காராமணிக் காய்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, பாகற்காயைத் தரம் பிரித்து, கத்தரிக்காயைக் கூடையில் அடுக்க வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்தேன், தீதி வாழைநாரை என் பக்கம் தள்ளினார். மூட்டை தூக்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு மதியச் சமையல். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் அவர்களுடைய ‘போண்ட்டி’ என்னும் கருவி நம் அரிவாள்மனைக்கு உடன்பிறப்பு. பிடி கிடைத்ததும் பூசணிக்காய் முழுக்க என் பொறுப்பாயிற்று. மாலையில் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கு. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட, அரிசியில் கல் பொறுக்குவது மின்விளக்கடியில் நடந்தது. கடற்கரைச் சாய்வு நாற்காலியில் நான் ஒருமுறைகூட உட்காரவில்லை.

அன்றிரவு தூங்கியதுபோல் அந்தப் பயணத்தில் வேறு எந்த இரவும் தூங்கவில்லை. உடலுக்குச் சோர்வு இருந்தது, மனம் லேசாக இருந்தது. ஏன் அப்படி என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு என்றால் என்ன என்பதில் விடை இருக்கலாம். வார ஓய்வு நமக்குத் தானாக வந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி, 1890இல்தான் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பையும் உறுதி செய்தது. சங்கு ஊதினால் ஓடவேண்டியிருந்த அந்தத் தொழிலாளிக்கு, யாரும் உத்தரவு போடாத ஒரு நாள்தான் ஓய்வு. எத்தனை நியாயமான கோரிக்கை!

என்னைப் போன்றவர்களின் களைப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. உத்தரவு போடுகிறவரும் நாமே, நிறைவேற்றுகிறவரும் நாமே. எதற்குப் பதில் எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தப் பள்ளி, எந்தக் கடன் என்று நாள் முழுக்கத் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறோம். விடுமுறையிலும் அது நிற்பதில்லை. எந்தக் கடற்கரை, எந்த உணவகம், கொடுத்த காசுக்கு ஈடாக அனுபவித்தோமா என்று கணக்கு ஓடுகிறது. நீல் தீவில் அன்று நான் எதையும் தீர்மானிக்கவில்லை. ஓதம் எழுப்பியது, கப்பல் அவசரப்படுத்தியது, தீதி சொன்னதைக் கை செய்தது. எனக்கு நானே எஜமானாக இல்லாத அந்த நாளில்தான் எனக்கு ஓய்வு கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதை வைத்து வேலையே ஓய்வு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் வேண்டும்போது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட முடிந்தது. தீதியால் முடியாது. தொழிலாளிக்கு ஓய்வு தரும் சட்டம் அவருடைய முற்றத்துக்கு வராது. உங்களுக்கு எப்போது விடுமுறை என்று கேட்டேன். மழைக்காலத்தில் கப்பல் நின்றால் என்றார். கப்பல் நின்றால் காய் அழுகும், வருமானமும் நிற்கும். அதை விடுமுறை என்று எண்ண வேண்டிய நிலையில் அவர் இருப்பது என்னை இன்னும் உறுத்துகிறது. நம் விடுமுறை ஒவ்வொன்றும் இப்படி யாரோ ஒருவருடைய வேலைநாளின் மேல்தான் நடக்கிறது. கூடமாட ஒரு வேளை உட்கார்ந்தால் அந்தக் கடன் தீராது. ஆனால் உட்காராமல் அது கண்ணில் படுவதே இல்லை.

தீவுகளுக்குப் போகிறவர்கள் பயணத் திட்டத்தில் ஒரு நாளை, முடிந்தால் கடைசி நாளை, எழுதாமல் விடுங்கள். முக்குளித்தவர்களுக்கு அது உயிர்காக்கும் விதி. மற்றவர்களிடம் நான் வேண்டிக் கேட்கிறேன். அந்த நாளில் நீங்கள் தங்கிய வீட்டுக்காரர் காய் நறுக்க உட்கார்ந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள்.