கற்பித்தலும் யோகத்தின் அங்கமா?

பதஞ்சலியின் யோக சூத்திரம், சித்தத்தின் அலைவுகளை அடக்குவதற்கு, விடாது முயலும் பயிற்சியாகிய அப்பியாசம், பற்று நீங்கிய நிலையாகிய வைராக்கியம் என இரு வழிகளைக் கூறுகிறது. அது வகுக்கும் எட்டு அங்கங்களுள் கற்பித்தல் இடம்பெறவில்லை. எனவே, தன் பயிற்சி முற்றுப்பெறாத ஒருவர் பிறருக்கு ஆசிரியராகலாமா என்னும் வினா எழுகிறது.

மைசூர் அரசரின் ஆதரவில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர் பி. கே. எஸ். ஐயங்கார் இதற்குத் தக்க சான்றாவார். இளமையில் காசநோய் உள்ளிட்ட பிணிகளால் நலிந்த அவர், தம் தமக்கையின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் சிறிது காலமே பயின்ற நிலையில், 1937-இல், பதினெட்டாம் வயதில், மராத்தி மொழி அறியாமலேயே புணே நகருக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். தம்மினும் உடல்வலிமை மிக்க மாணவர்களுக்கு ஓர் ஆசனத்தை விளக்க வேண்டியிருந்தமையால், அதன் ஒவ்வொரு அசைவையும் தம் உடலிலேயே நெடுநேரம் ஆராய்ந்தார். பிற்காலத்தில் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் ஏற்ப மரக்கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கிய நுட்பமும் இந்த ஆராய்ச்சியின் வழியில் வந்ததே. அவருக்குக் கற்பித்தலே அப்பியாசமாயிற்று.

ஆயினும் வைராக்கியம் எளிதில் கைகூடுவதன்று. மாணவரின் வணக்கம் ஆசிரியரின் அகந்தையை வளர்க்கவல்லது. இன்று பரவலாக வழங்கப்படும் 200 மணி நேர யோக ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் அப்பியாசத்தின் தொடக்கத்திற்குச் சான்றாகலாமேயன்றி, அந்த அகந்தை அடங்கியதற்குச் சான்றாகாது.