பங்கசின் உழைப்பும் மனிதனின் கடனும்

இயற்கை செய்து தரும் வேலைக்கு மனிதன் விலை கூறலாமா? கூறலாமெனின், அவ்விலைக்கு எல்லை யாது? மருந்தாக்க வரலாற்றின் ஓர் அத்தியாயம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்தோர் கோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்தினால் எழுந்து நடமாடிய செய்தியை, 1949ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான பிலிப் ஹெஞ்சும் அவர்தம் குழுவினரும் உலகுக்கு அறிவித்தனர். ஆயின், மாட்டுப் பித்தத்திலிருந்து அம்மருந்தை ஆக்க முப்பதுக்கும் மேற்பட்ட இரசாயனப் படிகள் வேண்டியிருந்தன. தொடக்கத்தில் அதன் விலை கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 டொலர். மூலக்கூற்றின் பதினோராம் காபனில் ஓர் ஒட்சிசன் அணுவைப் பொருத்துவதே பெருந்தடையாக இருந்தது. ரைசோப்பசு என்னும் பங்கசு அப்பணியை ஒரே படியில் முடிப்பதை, 1952இல் அப்ஜோன் நிறுவனத்தின் பீற்றர்சனும் மறேயும் வெளிப்படுத்தினர். அதற்குரிய மூலப்பொருளான புரொஜெஸ்தரோன், மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கிலிருந்து பெறத்தக்கதாயிருந்தது. இவ்விரண்டும் இணைந்தபோது மருந்தின் விலை வீழ்ந்தது.

ரைசோப்பசு அரியதோர் உயிரன்று. புத்தளக் கரையோரத்துத் தில்லையடியில், ஈரக்காற்றில் சில நாட் கிடந்த பாணில் கரும்பொட்டுகளாய்ப் படரும் பூஞ்சணமும் அவ்வினத்ததே. வீட்டார் முகஞ்சுழித்து எறிவது, ஆய்கூடத்தில் ஆற்றல்மிக்க தொழிலாளியாகின்றது.

அவ்வுழைப்பின் பயனுக்கு உரியோர் யாவர்? ஆய்வாளரின் அறிவும் நிறுவனத்தின் முதலீடும் ஊதியம் பெறத்தக்கவை. ஊதியமின்றேல் அடுத்த ஆய்வு நிகழாது என்னும் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், பங்கசின் நொதியத்தை எந்நிறுவனமும் படைத்ததில்லை. கிழங்கை அகழ்ந்தோர் மெக்சிக்கோவின் ஏழை உழவர். ஆக்கத்தில் பலர் பங்காளராயிருக்க, பயனுக்கு ஒருவரே உடைமையாளராதல் நீதியாமா? கண்டறிந்தவனுக்கு உரியது தக்க கூலியே. நோயாளியின் தவிப்பை அளவுகோலாக்கி விலை குறிக்கும் உரிமையன்று.

ஒப்புரவுடையான் செல்வத்தை, எல்லா உறுப்பும் மருந்தாகிப் பயன்படும் மரத்துக்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். இவ்வறத்தை நிருவாகமாக்க முயன்றவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் றலைவராகிய அவர், வணிகப் பெயர்களை விலக்கி, மருந்துகளைப் பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரத்தின் மூலம் கொள்வனவு செய்யும் முறைக்கு வழிவகுத்தார். பங்கசு ஆக்கச் செலவைக் குறைத்தது. பிபிலே வாங்கும் விலையைக் குறைக்க முனைந்தார். முன்னையது இயற்கையின் ஆற்றல். பின்னையது மனிதனின் தெரிவு.

இத்தெரிவின் பெறுமதியைத் தில்லையடியிலேயே அளந்தறியலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் குடியமர்ந்த ஊர் அது. உடைமை யாவும் இழந்து வந்த குடும்பத்தில், தொய்வு நோயால் மூச்சுத் திணறும் முதியவர் ஒருவருக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரை தேவைப்படலாம். அதுவும் கோட்டிசோனின் வழிவந்த மருந்தே. அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசமாகக் கிடைக்குமாயின், அறிவியலின் வெற்றி அவ்வீட்டு வாசலையும் எட்டிவிட்டதெனலாம். 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மலிவான மருந்துகளுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. மலிவு மட்டும் நீதியாகாது என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

ஆதலின், இயற்கையின் உழைப்பால் ஆகும் மருந்துக்கு விலை கூறல் தவறன்று. அவ்விலை நோயுற்ற வறியவனைப் புறந்தள்ளுமாயின் அது தவறேயாம். பங்கசு கூலி கேட்பதில்லை. அது கேளாத கூலி, நோயாளிக்கு மனிதன் செலுத்த வேண்டிய கடனாக எஞ்சி நிற்கின்றது.